கூப்பிடுதூரம்

நாவலர் வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஏசி பழுது. மின்விசிறி மேசைத் தாள்களைப் புரட்டுகிறது,
எங்களுக்கு முன்பே முடிவைப் படித்துவிட நினைத்ததுபோல.

பலகையில் ஒரே கேள்வி:
கூப்பிடுதூரத்தை மற்றவர்களின் போனுக்கும் கொடுப்பதா, விடுவதா?

கூப்பிடுதூரம் எங்கள் செயலி.
எங்கள் போனில் மட்டும் பேசும்.
அடுத்த போனிலிருந்து தட்டுகிறவனுக்கு
கதவு இருப்பது தெரியும். அவ்வளவுதான்.

கஜரூபன் கணக்கோடு வந்திருந்தான்.
"பத்துப் பேரில ஆறு பேர் இந்தப் போனை வாங்கிறதே அதுக்காகத்தான்.
தமையன் வாங்கினா தங்கச்சியும் வாங்கோணும்.
சும்மா குடுத்தா போனை ஆர் வாங்குவான்?
பதினெட்டுப் பேருக்குச் சம்பளம். உங்களுக்கும் சேத்துத்தான் அக்கா."
நியாயம். என் ஸ்கூட்டிக்கு இன்னும் பதினொரு லீசிங் தவணை.

நிதர்சினி எழும்பினாள்.
"பாத்துக்கொண்டிருங்கோ,
ஒருநாள் சனம் முழுக்க வேற செயலிக்குப் போயிடும்.
பிறகு மதிலுக்குள்ள நாங்கள் பதினெட்டுப் பேரும்
ஆளுக்காள் ஹலோ சொல்லிக்கொண்டிருப்பம்."
அதுவும் நியாயம்.
வடை ஆறிவிட்டது.

நான் சொல்லாத ஒன்று:
என் மடிக்கணினியில் அது ஏற்கெனவே திறந்திருக்கிறது.
தை மாதம் தொட்டு, இரவுகளில், ஒருவருக்கும் சொல்லாமல்
மற்றப் போனில் ஓடும்படி எழுதி முடித்துவிட்டேன்.
கதியாலை இருட்டில் ஓரடி தள்ளி நட்டுவிட்டு
விடிய எழும்பி அயலவனுக்குத் தலையாட்டுகிற
ஆளின் முகம் எனக்கு.

தொடங்கியது மரியஜெசிந்தாவால்.
பாசையூர். மீன் ஏலம் முடிந்த கையோடு
பழுது பார்க்கிற மேசைக்கு வருவா.
இடுப்புப் பையில் இரண்டு போன்.
எங்களுடையதில் தோகாவிலிருக்கும் புருசன்,
மற்றதில் மிச்ச உலகம்.
கண்ணாடியில் ஒட்டிய செதிலை நகத்தால் சுரண்டியபடி கேட்டா:
"இதில வாறது ஏன் பிள்ளை அதில வராது?
ரெண்டுக்கும் ஒரே காத்துத்தானே?"
சிரித்துச் சமாளித்தேன்.
அன்றிரவு முதல் வரியை எழுதினேன்.

போன கிழமை அவவுக்கு மட்டும் காட்டினேன்.
மற்றப் போனில் கூப்பிடுதூரம் மணி அடித்தது.
"இனி ஒண்டு காணும் அக்கா. மற்றதை வித்துப்போடுங்கோ."

அவ சிரிக்கவில்லை.
"அப்ப லோன்காரரும் இதுக்குள்ள வருவினமோ?"

செவ்வாய்க்குச் செவ்வாய் நுண்கடன்காரர்,
சீட்டுக்காரி, ஐஸ் கடைப் பாக்கி,
ஆரோ அனுப்பும் காலை வணக்கப் பூக்கள்.
அந்தப் போன் கத்தினால்
மீன்பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுவாவாம்.
"இது அடிச்சா அவர். பாக்காமலே தெரியும்.
ரெண்டையும் ஒண்டாக்கினா
அவற்ற சத்தத்துக்கும் நான் பயப்பிடோணுமெல்லோ."

பிறகு, பையின் சிப்பை இழுத்துக்கொண்டே,
"ஆனா போன வரியம் அவற்ற போன் விழுந்து உடைஞ்சது.
அங்க இது விக்கிறேல்லையாம்.
இஞ்சயிருந்து ஒரு பெடியன் கொண்டுபோய்க் குடுக்குமட்டும்
இருபத்தாறு நாள். ஒரு எழுத்து வரேல்ல."

செய் என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.
"இன்னும் பன்னிரண்டு கிழமை கட்டினா லோன் முடியும்" என்றா,
அது வேறு ஏதோ கதைபோல.
நாலு விளைமீனைப் பையில் போட்டுத் தந்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினா.

மேல்மாடியில் இப்போது ஒருவரும் பேசவில்லை.
குகனேசன் அண்ணை பேனாவின் மூடியைக் கழற்றுகிறார்.
"சரி, திறக்கிறதெண்டே வைப்பம்.
மற்றப் போனுக்கு எழுதி முடிக்க
எவ்வளவு காலம் எடுக்கும், யசோதினி?"

எல்லா முகமும் என் பக்கம்.
மின்விசிறி அந்தத் தாளை
மறுபடி புரட்டியது.

"பன்னிரண்டு கிழமை" என்றேன்.

அவர் சுவர் நாட்காட்டியில்
செவ்வாய்க்கிழமைகளை எண்ணத் தொடங்கினார்.